அவர்கள் கன்னியாஸ்திரிகள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு வரலாற்று நாவலுக்கு வந்த மதிப்புரையைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "அந்தக் கால ஐரோப்பாவில் பெண்ணுக்குக் கல்யாணம் அல்லது மடம், இரண்டே வழிதான்" என்கிறார் மதிப்புரையாளர். கதை நடக்கும் பெகீன் இல்லத்தையும் (பக்தியுள்ள கிறிஸ்தவப் பெண்கள் சேர்ந்து வாழ்ந்த இல்லம் அது) "கன்னியர் மடம்" என்றே எழுதியிருக்கிறார். அந்த நாவலை நான் இரண்டு முறை படித்தவள். கல்யாணமும் வேண்டாம், மடமும் வேண்டாம் என்று பெண்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதுதானே கதையே!

உங்களுக்குத் தெரியாததல்ல. 1200-ஐ ஒட்டி, இன்றைய பெல்ஜியம் பகுதியில் உருவானவர்கள் பெகீன்கள். இல்லத்தில் இருக்கும்வரை துறவிகளைப் போல வாழ்ந்தாலும், ஆயுளுக்கும் கட்டிப்போடும் வார்த்தைப்பாடு அவர்களுக்குக் கிடையாது. சொத்து அவரவர் பெயரில் இருக்கும். கம்பளி நூற்றும், துணி வெளுத்தும், நோயாளிகளைப் பார்த்தும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் பிழைத்தார்கள். பிறகு ஒருத்திக்குக் கல்யாணம் செய்யத் தோன்றினால் தாராளமாகக் கிளம்பலாம்.

1311-12இல் பிரான்சின் வியென் நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம் இவர்களைக் கண்டித்ததே, எதற்காக? யாருக்கும் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுக்கவில்லை, சொத்தைத் துறக்கவில்லை, ஒப்புதல் பெற்ற எந்தச் சபை ஒழுங்கையும் ஏற்கவில்லை, ஆகவே இவர்கள் துறவியரே அல்ல என்பதுதான் முதல் குற்றச்சாட்டு. கன்னியாஸ்திரிகளாக இல்லாததற்குத் தண்டிக்கப்பட்டவர்களை, எழுநூறு வருடம் கழித்து உங்கள் பத்திரிகை கன்னியாஸ்திரிகள் என்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் 22 வருடம் இருந்தேன். ஊருக்குப் போனால் "சிஸ்டர் ஆகிடப் போறியா?" என்பார்கள். கல்யாணம் ஆகாதவளை வேறு எப்படி நினைப்பது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. எங்கள் அறையில் நான்கு பேர். ஒருத்திக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மற்ற மூவரும் முறைபோட்டு விடுப்பு எடுத்துப் பார்த்துக்கொண்டோம். 50 வயதானதும் விதியைக் காட்டி அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பெரிய பெகீன் குடியிருப்புகளில் வயதான, ஏழைப் பெகீன்களுக்கென்றே தனி மருத்துவ இல்லம் இருந்தது என்று பிறகு படித்தபோது அழுதுவிட்டேன்.

இதைத் தேடி நூலகத்துக்குப் போனால், "நாவல் படிச்சிட்டு வந்து வரலாறு கேக்கறீங்களா?" என்றார் அங்கிருந்தவர். ஆமாம், நாவல் படித்துத்தான் கேட்டேன். என் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இவர்களைப் பற்றி ஒரு வரி இல்லையே. மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் போட்ட மகளிர் தினச் சிறப்பிதழிலும் ராணிகளும் புனிதைகளும் மட்டும்தான். அதைக் குறித்து நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் பாராட்டிய நான்கு வரியை வெளியிட்டு, மற்றதை வெட்டிவிட்டீர்கள். அது இன்னும் வலிக்கிறது ஐயா.

இன்னொன்று. "மதவிரோதப் பெண் ஒருத்தி எரிக்கப்படுகிறாள்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் மதிப்புரையாளர். அவருக்குப் பெயர் உண்டு: பெகீன் என்று அழைக்கப்பட்ட மார்கரெட் பொரேட். தான் எழுதிய புத்தகத்தைக் கைவிட மறுத்ததால் 1310 ஜூன் 1 அன்று பாரிஸில் எரிக்கப்பட்டார். எரிக்கச் சொன்ன புத்தகமோ பிழைத்துக்கொண்டு, எழுதியவர் பெயரில்லாமல் பல மொழிகளில் உலவியது. அது அவருடையதுதான் என்று 1946இல் ரொமானா குவார்னியெரி என்ற ஆய்வாளர் கண்டு சொன்னார். 636 வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்த பெயர் அது. உங்கள் பத்திரிகையில் மறுபடியும் காணாமல் போகலாமா?

இவர்கள் மறைந்துபோன பழங்கதையும் அல்ல. கடைசி பெகீன் என்று அறியப்பட்ட மார்செல்லா பட்டைன் 2013இல்தான், 92 வயதில், பெல்ஜியத்தில் காலமானார்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது, "கன்னியர் மடம் என்பதைப் பெகீன் இல்லம் என்று திருத்தி வாசிக்கவும்" என்று போடுங்கள். இடம் இருந்தால் மார்கரெட் பொரேட்டின் பெயரையும் சேருங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் ஆகவேண்டுமென்றால் விடுதியைப் பற்றி எழுதியதை வெட்டிவிடுங்கள், பரவாயில்லை. அவர் பெயரை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
மதுரை