யார்க்‌ஷயரில் குதிரையேறிய நண்பனுக்கு

தண்டையார்பேட்டை,
மார்கழிக் கடைசி.

அன்புள்ள வாத்தியாரே,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ரிட்டயர் ஆகி மகள் வீட்டுக்கு வெளிநாடு போனவன் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவான், தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கப் பார்ப்பான், இந்திய டைம் பார்த்து நமக்கு போன் போடுவான். அவ்வளவுதான் நாங்கள் கேள்விப்பட்ட கதை. நீ குதிரை ஏறுகிறாயாம்! அதுவும் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், டிசம்பர் சேற்றில். என் வீட்டுக்காரி கேட்ட முதல் கேள்வி, "அந்தக் குதிரைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?"

இங்கே சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. மழை இந்த வருஷமும் வந்தது, வழக்கம்போல வியாசர்பாடி சுரங்கப்பாதையை மூடினார்கள், திறந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்ததே, அந்த மாதிரி எதுவும் இல்லை. இப்போது விடிகாலையில் கொஞ்சம் பனி. இருபது டிகிரிக்கே மப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறோம். உன் ஊர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். இன்னொரு சேதி, நாம் சின்ன வயதில் திருட்டுத்தனமாகப் போன கிண்டி ரேஸ் மைதானம் இப்போது ரேஸ் மைதானம் இல்லை. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. மழைநீர் தேக்க அங்கே குளம் வெட்டிவிட்டார்கள்.

என் அண்ணன் மகன் கொருக்குப்பேட்டையில் சாரட் வண்டி வைத்திருப்பது உனக்குத் தெரியும். தாத்தா ராயபுரம் ஸ்டேஷனுக்கும் தங்கசாலைக்கும் ஜட்கா ஓட்டினார், பேரன் மாப்பிள்ளை அழைப்புக்கு சாரட் ஓட்டுகிறான். கால்நடைத் துறையில் இருந்துவிட்டு வந்ததால் அவனுடைய குதிரைகளை அவ்வப்போது போய்ப் பார்க்கிற வேலை என் தலையில். சம்பளம் டீயும் பட்டர் பிஸ்கட்டும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ராத்திரி பூஜ்யம் டிகிரியில் குதிரைகளை வயலில் விட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், பாவம் இல்லையா என்று எழுதியிருக்கிறாய். பாவம் இல்லை. மனிதனுக்கு நடுங்குகிற குளிர் குதிரைக்குச் சுகமான குளிர். அது பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் உன் லாயத்தில் நடக்கிற பாதி விஷயம் உனக்கே விளங்கிவிடும்.

குதிரைக்குக் குளிர்கால முடி வளர்வது குளிரைப் பார்த்து இல்லை, பகலின் நீளத்தைப் பார்த்து. ஜூன் 21க்குப் பிறகு பகல் குறையத் தொடங்கியதுமே அதன் உடம்புக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் முடி அடர்ந்து நிற்கும். டிசம்பர் கடைசியில் பகல் திரும்பவும் நீள ஆரம்பித்ததும், வெளியே உறைபனி கொட்டினாலும், முடி உதிர்ப்பதற்கு உள்ளே ஏற்பாடு தொடங்கிவிடும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். உன் லீட்ஸ் பக்கத்தில் அது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். அதனால்தான் உன் குதிரை கரடி மாதிரி இருக்கிறது, எங்கள் சாரட் குதிரை ராணி வருஷம் முழுக்க பாலிஷ் போட்ட மாதிரி இருக்கிறாள்.

அந்த முடி குளிரில் சிலிர்த்து எழும்பி நிற்கும். இடையிடையே காற்று தங்கும். அந்தக் காற்றுதான் போர்வை. குதிரையின் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடப்பதைப் பார்த்தால் பதறாதே, உள்சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம். ஆனால் மழை பெய்து முடி படுத்துவிட்டால் போர்வை போச்சு. அதோடு காற்றும் சேர்ந்தால், நாலைந்து டிகிரி இருக்கிற நாளில்கூடக் குதிரை நடுங்கும். கட்டாந்தரையாக உறைந்து கிடக்கிற நாளைவிடச் சாரலும் காற்றுமாக இருக்கிற நாள்தான் மோசம். அப்போது ஒதுங்க ஒரு கூரையோ, ஒரு மதிலோ, தண்ணீர் ஊறாத போர்வையோ வேண்டும்.

வயிற்றையும் கழுத்தையும் மழித்துவிட்ட குதிரையைப் பார்த்து, "குளிர்காலத்தில் மொட்டை அடிக்கிற ஊரு" என்று கிண்டல் செய்திருந்தாய். அதற்கும் இதே காரணம்தான். தினமும் ஓடுகிற குதிரை அந்த அடர்ந்த முடிக்குள் வேர்க்கும். வேர்த்த முடி காய மணிக்கணக்காகும். அத்தனை நேரமும் ஈரத்தோடு குளிரில் நிற்பதற்கு, வேர்க்கிற இடத்தை மழித்துவிட்டு மேலே போர்வை போடுவது மேல். மழிக்காத குதிரையில் நீ ஏறுகிறாய் என்றால் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வெறும் நடைதான். மார்பில் கை வைத்துப் பார், வேர்வை அடங்கியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் இறங்கிவிட்டு டீ குடிக்கப் போகாதே.

தீனி விஷயத்தில் உன் லாயத்துப் பெண் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குளிர் ராத்திரிக்குக் கூடுதலாகப் போட வேண்டியது காய்ந்த புல். நார்த்தீனி பெருங்குடலில் கிடந்து நொதிக்கும்போது எருக்குழியில் கை வைத்தால் சுடுமே, அப்படி உள்ளேயிருந்து சூடு கிளம்பும். தானியத்தில் அந்த அளவு கிடைக்காது. அப்புறம் தண்ணீர். ஒரு குதிரை நாளைக்கு இருபத்தைந்து லிட்டருக்கு மேல் குடிக்கும், குளிரில் குறைத்துக்கொள்ளும். காய்ந்த தீனி, குறைந்த தண்ணீர் என்றால் குடலில் கட்டிக்கொண்டு கோலிக் என்கிற வயிற்றுவலி வந்துவிடும். தொட்டியில் ஐஸ் உடைத்துவிட்டால் மட்டும் போதாது, வெதுவெதுப்பாக ஒரு வாளி வைத்துப் பார், எப்படிக் குடிக்கிறது என்று.

ஈரம் என்ன செய்யும் என்பதை கார்த்திகையில் இங்கே பார்த்தேன். கொருக்குப்பேட்டையில் வடிகால் எதிர்த்துக்கொண்டு லாயத்துக்குள் வந்துவிட்டது. கணுக்கால் தண்ணீர்தான், ஆனால் வடியவில்லை. வண்டியும் ஓடவில்லை, ராணி நின்றது நின்றபடி. தண்ணீர் இறங்கிய அன்று போனேன். பார்வைக்கு நன்றாக இருந்தாள், கொள்ளு தின்றாள். முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக் குளம்பைத் திருப்பினதும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. குளம்புக்கு நடுவில் முக்கோணமாக ரப்பர் போல ஒரு பாகம் இருக்கும் பார், அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் கறுப்பாகக் களிம்பு. கொக்கியால் நோண்ட நோண்ட அழுகல் வருகிறது. பள்ளத்தின் அடியில் கொக்கி பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்தாள். நொண்டவில்லை, ஆனால் இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் நொண்டியிருப்பாள். காற்றுப் படாத ஈரத்தில் வளர்கிற கிருமி அது. மருந்து பெரிய ரகசியம் இல்லை: அழுகலைச் சுரண்டி எடுத்து, கழுவித் துடைத்து, மயில்துத்தக் கரைசலை நனைத்த பஞ்சைப் பள்ளத்துக்குள் வைத்து, காய்ந்த தரையில் நிறுத்து. கடைசியாகச் சொன்னதுதான் கொருக்குப்பேட்டையில் கிடைக்காத சரக்கு. செங்கல் அடுக்கி, மேலே மரப்பலகை போட்டு, உமி கொட்டி ஒரு மேடை செய்தோம். வெள்ளத்தண்ணீர் என்றால் எலிக்காய்ச்சல் கிருமி மனிதனுக்கு மட்டும் இல்லை, குதிரைக்கும் உண்டு. பின்னால் அது கண்ணைத் தாக்கலாம். குளம்பில் ஆணி ஏறினால் டெட்டனஸ் வேறு. அந்த நோய்க்குக் குதிரை மாதிரி இலக்கான பிராணி கிடையாது. ஊசி எல்லாம் போட்டாயிற்று. சந்தேகமாக இருந்தால் ஏற்றிக்கொண்டு போய்விட வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, அது வட சென்னைக் குதிரைகளின் அதிர்ஷ்டம். 1903இல் தொடங்கிய கல்லூரி.

உன் குதிரைக்கும் இதே ஈரம்தான் எதிரி, நோய் மட்டும் வேறு. சேற்று வயலில் நிற்கிற குதிரைக்குக் குளம்புக்கு மேலே, பின்பக்க மடிப்பில் தோல் சிவந்து, பொருக்குத் தட்டி, வெடிக்கும். முதுகில் வந்தால் முடி பொருக்கோடு கொத்தாகப் பெயர்ந்து வரும். ஒரு விஷயம் சொல்கிறேன், லாயத்தில் புதிதாக வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள்: தினமும் குழாயைப் பிடித்துச் சேற்றைக் கழுவாதே. கழுவக் கழுவத் தோல் ஊறி இன்னும் கெடும். சேறு காயட்டும், பிரஷ்ஷால் தட்டிவிடு. கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் துண்டால் ஒற்றி நன்றாகக் காயவை.

நம் கரையில் குதிரை வாழாது என்பது பழைய புகார். பதிமூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, பாண்டிய ராஜாக்கள் வருஷா வருஷம் அரேபியக் கப்பல்களில் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், பார்க்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று எழுதிவைத்தார். அதில் எனக்குப் பிடித்த வரி, குதிரை விற்கிற வியாபாரிகள் லாடம் அடிக்கத் தெரிந்தவனை இங்கே வரவிடுவதில்லை என்பது. செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்! ஆள் கொஞ்சம் அளப்பார்தான், ஆனால் வியாபாரம் தெரிந்தவர்.

மார்கழியில் கல்யாணம் இல்லாததால் சாரட் குதிரைக்கு மாசம் முழுக்க லீவு. அண்ணன் மகன் பாசத்தில் கொள்ளு போடுவதை மட்டும் குறைக்கவே மாட்டான். தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்துக்கு வண்டியில் பூட்டுவான். நின்றபடியே தின்ற குதிரை திடீரென்று இழுக்கும்போது பின்தொடை கட்டையாகிவிடும், வேர்த்துக் கொட்டும், ஒரு அடி எடுத்து வைக்காது, மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம் கிழவிகள் சும்மாவா சொன்னார்கள்? இந்த வருஷம் சண்டை போட்டுக் கொள்ளுத் தீனியைப் பாதியாக்கி, தினமும் காலையில் ராணியை நடத்திக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். பனி கொட்டி உன் குதிரை ஒரு வாரம் சும்மா நின்றால் நீயும் கேள், தானியத்தைக் குறைத்தார்களா என்று. மறுபடி ஏறும் முதல் நாள் பாய்ச்சல் எல்லாம் வேண்டாம்.

ரோட்டு விஷயம். நனைந்த ரோட்டில் இரும்பு லாடம் வழுக்கும், அதிலும் வெள்ளைக் கோட்டுப் பெயின்ட், பாதாளச் சாக்கடை மூடி இரண்டும் எமன். திருவொற்றியூர் ஹைரோட்டில் அண்ணன் மகன் மூடியைக் கண்டால் வளைத்துத்தான் ஓட்டுவான். உங்கள் ஊரில் பனி வேறு லாடத்துக்குள் அடைத்து உருண்டையாகிவிடும், குதிரை ஹை ஹீல்ஸ் போட்டவள் கணக்காகத் தடுமாறும். கிளம்புமுன் உள்ளங்குளம்பில் வாசலைன் அப்பிவிடச் சொல். கார்க்காரன் குதிரையைத் தாண்டும்போது பத்து மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, இரண்டு மீட்டர் இடம் விட வேண்டும் என்று 2022இல் அங்கே சாலை விதியில் எழுதிவிட்டார்களாமே. இங்கே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிக்காரனிடம் அதைப் படித்துக் காட்ட ஆசையாக இருக்கிறது. எதற்கும் மினுமினுப்புப் பட்டை போட்ட ஜாக்கெட் இல்லாமல் ஏறாதே. நாலு மணிக்கே இருட்டுகிற ஊர்.

காலையில் கடிவாளத்தைக் கவ்வ மறுக்கிறது என்றாய். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும், அது ஜாதிக் குணம். ஆனால் உறைந்த இரும்பை உன் வாயில் வைத்தால் நீயும்தான் மூடுவாய். உள்ளங்கையில் பொத்தி, சூடானதும் வை. சேணத்தோல் நனைந்தால் ஹீட்டர் பக்கத்தில் காயப்போடாதே, வெடித்துவிடும். நிழலில் காயட்டும், பிறகு எண்ணெய். எங்களுக்கு வெடிப்பு இல்லை, பூஞ்சைதான் தொல்லை. ஒரு ஐப்பசி மாசம் துடைக்காமல் விட்டால் வாரெல்லாம் பச்சை பூத்துவிடும்.

உன் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனால் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஏறும்போது மேடை வைத்துக்கொள், வெட்கப்படாதே. குதிரை முதுகுக்கும் அது நல்லது.

சித்திரையில் வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது, ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் பிரஷ் வைத்த குளம்பு நோண்டி என்று படம் போட்டிருந்தாயே, அதில் இரண்டு வாங்கி வா. ஒன்று அண்ணன் மகனுக்கு, ஒன்று எனக்கு. பெட்டியில் போடு, கையில் கொண்டுவந்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.

அப்புறம், எட்டுப் பக்கம் எழுதினாய், உன் குதிரையின் பெயரை மட்டும் எழுதவில்லை. என்ன பெயர்?

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி