கிராண்ட் பிரீ வரலாற்றுக்குத் தமிழில் ஒரு முதல் புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுக் கார் பந்தயம் நடந்ததிலிருந்து, இங்கே வேலை பழகும் பையன்களுக்கு கிராண்ட் பிரீ என்னும் பெரிய கார் பந்தயங்களின் பேச்சுதான். படிக்கப் புத்தகம் கேட்கிறார்கள். தமிழில் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

ஆங்கிலத்தில் நான் பார்த்த அறிமுக நூல்கள் சில, ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் நடந்த இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில், 1950-இல் தொடங்கி சாம்பியன் பட்டியலாகவே ஓடுகின்றன. அதற்கு 44 ஆண்டு முன்பே பிரான்சில் லெ மான் அருகே முதல் கிராண்ட் பிரீ நடந்துவிட்டது. அதுவரை இருந்த கார்டன் பென்னட் கோப்பையில் ஒரு நாட்டுக்கு மூன்று கார்தான். கார் கம்பெனிகள் நிறைந்த பிரான்சுக்கு அது கட்டுப்படியாகவில்லை. தனிப் பந்தயமே வைத்துவிட்டார்கள்.

1906 ஜூன் 26, 27. இரண்டு நாளில் 1,200 கிலோமீட்டருக்கு மேல். வெயிலில் தார் உருகி ஓட்டுநர்களின் கண்ணில் தெறித்தது. டயர் போனால் ஓட்டுநரும் கூட வரும் மெக்கானிக்கும்தான் மாற்ற வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. பலர் பழைய டயரைக் கத்தியால் அறுத்தெடுத்து, புதியதை நெம்பி ஏற்றினார்கள். ரெனோ காரில் வந்த ஹங்கேரிக்காரர் ஃபெரன்ஸ் சிஸ், நட்டைக் கழற்றி, காற்றடித்த டயரோடு தயாராக இருந்த மிஷலின் ரிம்மை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஜெயித்தது அவர்தான். அவரே மெக்கானிக்காக இருந்தவர் என்றதும் பையன்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

முதல் புத்தகம் இப்படி வேலையையும் இயந்திரத்தையும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். 1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில், மழையில் தடம் விலகி மோதிய காருக்குள் பெட்ரோலில் நனைந்து சிக்கிக் கிடந்தார் ஜாக்கி ஸ்டூவர்ட். பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பானர் வாங்கித்தான் சக ஓட்டுநர்கள் அவரை வெளியே எடுத்தார்கள். பாதுகாப்புக்காக அவர் விடாமல் போராடியது அதற்கு அப்புறம்தான். பட்டியலில் இதெல்லாம் எங்கே வரும்?

நம் கதையும் வேண்டும். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜோர்டான் என்ற அணிக்கு ஓட்டிய கோவை நரேன் கார்த்திகேயனை எல்லோருக்கும் தெரியும். பழைய விமான ஓடுதளத்தில் பந்தயக் கார்கள் பறந்த, சென்னை அருகிலுள்ள சோழவரத்தை இந்தத் தலைமுறைக்குத் தெரியாது.

தங்கள் இதழில் இதை ஒரு தொடராகத் தொடங்குங்கள். நூலாக்குவதை அப்புறம் பார்க்கலாம். சோழவரத்தில் பந்தயம் பார்த்தவர்களும் அங்கே கார் பழுது பார்த்தவர்களும் இன்று வயதானவர்கள். முதலில் அவர்களிடம் கேட்டு எழுதிவிடுங்கள்.

ஒரு வாசகர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்