அடிபட்ட கலத்துக்கு ஒட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்வெளிக் குப்பை பற்றிய தலையங்கம் படித்தேன். குப்பையோடு விண்கலம் மோதாமல் தவிர்ப்பது சரி, அடிபட்ட பிறகு என்ன செய்வது? போர் விமானங்களுக்கு இதற்கென்றே ஒரு முறை உண்டு. குண்டு துளைத்து வந்த விமானத்தை யாரும் புதுசாக்க மாட்டார்கள். எந்தச் சேதத்தை அப்படியே விடலாம் என்று டெக்னீஷியன்கள் நாங்கள் முதலில் பார்ப்போம். அப்புறம் தகட்டை வெட்டி, துளையிட்டு ரிவெட் ஆணி அடிப்போம். அடுத்த பறப்புக்குத் தாங்கினால் போதும்.

2018 ஆகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் நின்ற ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் காற்று கசிந்தபோதும் இதே கதைதான். 2 மில்லிமீட்டர் துளை. முதலில் டேப், பிறகு எபாக்ஸி பசையில் தோய்த்த துணி. கலத்தின் அந்தப் பகுதி எப்படியும் தரையிறங்குமுன் கழன்று எரிந்துபோவது. அதற்கு அந்த ஒட்டு தாராளம். 2007இல் அதே நிலையத்தில் கிழிந்த சூரிய மின்தகட்டை, நிலையத்துக்குள்ளேயே கம்பியும் அலுமினியப் பட்டையும் வைத்துச் செய்த கொக்கிகளால் நாசா விண்வெளி வீரர் ஸ்காட் பராசின்ஸ்கி இழுத்துக் கட்டினார். தகட்டில் மின்சாரம் இருந்ததால் கருவிகளுக்கெல்லாம் டேப் சுற்ற வேண்டியிருந்தது.

எங்கள் வித்தை அப்படியே அங்கே செல்லாது. ரிவெட்டுக்குத் துளையிட்டால் உலோகத் தூள் மிதந்து கண்ணுக்குள் போகும். ஆனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற கணக்கு பொது. இந்தியர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரும் விமானப்படை விமானிகள். விமானங்களைப் பழுதுபார்த்த கைகளையும் இஸ்ரோ கூப்பிட்டுக் கேட்டால் என்ன?

– ஓய்வுபெற்ற விமானப்படை டெக்னீஷியன், தாம்பரம்