பழைய கல்லூரி இதழ்களை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் கல்லூரி நூலகங்களை ஒழுங்குபடுத்தும்போது, பழைய பாடநூல்களோடு நூறாண்டுக்கு முந்திய கல்லூரி இதழ்த் தொகுதிகளும் எடைக்குப் போய்விடுகின்றன. சென்னை கன்னிமாரா நூலகத்தில் பிரதி இருக்கும் என்று நம்பி விட்டுவிட முடியாது. வெளியாகும் நூல்களை அங்கே அனுப்பவேண்டும் என்ற சட்டமே 1954-இல்தான் வந்தது.

அந்த இதழ்களில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் காலத்தைப் பார்க்க வேண்டும். சென்னையில் ராணி மேரி கல்லூரி 1914-லும் மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915-லும் தொடங்கின. மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921-இல் கிடைத்தது. ஆனால் அது சொத்துத் தகுதிக்கு உட்பட்டது. ஆணோ பெண்ணோ, படித்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. விவாத மன்றம், இரவுப் பள்ளி, விடுதிக் குழு இவற்றில்தான் பொதுக் கடமையைப் பழகினார்கள். ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்ற 1920 டிசம்பர் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குப் பின் கல்லூரியை விட்டு வெளியேறுவதா என்று மாணவர்கள் திணறிய மாதங்களை அரசுக் கோப்புகள் போலீஸ் பார்வையில்தான் சொல்லும். மாணவர் தரப்பைத் தேட வேண்டிய இடம் இந்த இதழ்களின் சங்கச் செய்திகளும் விடுதிக் குறிப்புகளும்தான்.

காப்பாற்றும் வேலையை நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடம் கொடுக்கலாம். ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி அவர்களுக்கு ஏற்கெனவே விதிக்கப்பட்டிருக்கிறது. இதையும் அதில் சேர்க்க வேண்டும். பத்துப் பேர், அதாவது ஐந்து ஜோடிகள் போதும். ஒருவர் பக்கம் புரட்ட, மற்றவர் படம் எடுக்க வேண்டும்.

முதலில் பக்கங்களை எண்ணி எழுதிவையுங்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்களை ஒன்றாகப் புரட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எண்ணிக்கை கையில் இருந்தால் அன்றே தெரிந்துவிடும். தூசியை அகன்ற மென்தூரிகையால், முதுகுத் தையலிலிருந்து வெளிப்புறமாகத் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. பூஞ்சை இருந்தால் முகக்கவசம் கட்டாயம். வெயிலில் காயவைத்தால் தாள் இன்னும் நொறுங்கும், நிழலில் மின்விசிறிக் காற்றே போதும். துருப்பிடித்த பின்னைப் பிடுங்கினால் தாளும் கூடவே வரும். பின்பக்கம் மடங்கிய இரு கால்களையும் மழுங்கிய தகட்டால் நிமிர்த்தி, பிறகு முன்பக்கமாக மெல்ல எடுக்கவேண்டும்.

லேமினேஷன் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அக்காலத்து மரக்கூழ்த் தாளில் படிகாரம் சேர்ந்திருப்பதால் அமிலம் உள்ளிருந்தே அரிக்கிறது. பிளாஸ்டிக் அதை உள்ளே பூட்டிவைக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப்பும் அப்படித்தான்: சில ஆண்டுகளில் பசை பழுப்பேறி எழுத்தின் மேல் கசியும்.

தொகுதியை முழுக்க விரித்து ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்தினால் தையல் விட்டுவிடும். 100 டிகிரி அளவில் திறந்து, இருபுறமும் சாய்வுப் பலகை கொடுத்து, மேலிருந்து கேமராவில் எடுப்பதே சரி. விளக்குகள் இரண்டும் 45 டிகிரி சாய்வில் இருக்கட்டும். அங்குலத்துக்கு 400 புள்ளி (டி.பி.ஐ.) தரத்தில் டிஃப் (TIFF) படக் கோப்பாக மூலத்தையும், படிக்க பி.டி.எஃப். ஒன்றையும் வைத்து, இரண்டாவது பிரதியை வேறு கட்டடத்தில் வையுங்கள். விளம்பரப் பக்கங்களை விடவேண்டாம். அன்றைய உணவு விடுதி, புத்தகக் கடை, சைக்கிள் விலையெல்லாம் அவற்றில்தான் கிடைக்கும்.

பைண்டிங் செய்தவர்கள் பல தொகுதிகளில் அட்டையைக் கிழித்துப் போட்டிருப்பார்கள், அதோடு மாதமும் போயிருக்கும். கல்வியாண்டு இரண்டு காலண்டர் ஆண்டுகளில் பரவுவதால் முதுகில் 1921 என்று இருந்தாலும் உள்ளே 1922 மார்ச் செய்தி இருக்கலாம். எனவே கோப்புப் பெயரில் தொகுதி எண், இதழ் எண், பக்கம் என்ற வரிசையே நம்பகமானது.

இணையத்தில் ஏற்றுவதற்குப் பதிப்புரிமை தடையாகும் என்று கல்லூரி முதல்வர்கள் தயங்குகிறார்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதியவர் யாரென்று வெளிப்படாத கட்டுரைகளுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகளே உரிமை. பெயருள்ளவற்றுக்கு எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். அது தெரியாதவற்றை நூலகத்துக்குள் படிக்க மட்டும் வைக்கலாம்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர் ஒருவர், திருச்சி