கேரட் பாத்தியில் முளைத்த கிழங்கு

கேத்தி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மடவை,

உன் இரண்டு கடிதமும் மேசைமேல்தான் இருக்கின்றன. பதில் போடாதது என் தப்பு. முழங்கால் தேவலையா? மீன் ஏலம் பார்க்கிறேன் என்று விடிகாலையில் கிளம்பிவிடாதே. ஆவணியில் சின்னவள் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. இங்கே மழை விட்டபாடில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

கீழ்த்தோட்டத்துத் தம்பியை நினைவிருக்கிறதா? நீ வந்தபோது அவரைக்காய் என்று ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டாயே, அந்த வீடு. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் நிலத்தில் உருளை வேரைத் தாக்கும் தங்க நூற்புழு இருக்கிறது என்று சொன்னவன் நான். உருளைக்கிழங்கையே மறந்துவிடுங்கள், கேரட், பூண்டு, முட்டைக்கோஸ் என்று மாற்றிப் போடுங்கள் என்றேன். மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எட்டு வருஷம் அப்படியே செய்தார். இந்தச் சித்திரையில் “இப்போ போடலாமா சார்?” என்று கேட்டார். மேல்பாத்தியில் மண் எடுத்துப் பார்த்தேன். புழுவின் முட்டைக் கூடுகள் முக்கால்வாசி வெறும் ஓடு. போடலாம் என்றேன்.

போன வாரம் கொஞ்சம் வெயில் அடித்தது. கீழ்ப்பக்கம், கல்சுவர் ஓரமாக, ஒரு திட்டு மட்டும் மஞ்சளாகித் துவண்டு நின்றது. ஒரு செடியை மண்ணோடு மெல்லத் தூக்கி வாளித் தண்ணீரில் அலசினேன். வேர் முழுக்கக் குண்டூசித் தலை அளவில் தங்க மணிகள். பக்கத்தில் நின்ற அவர், “அழகா இருக்கே சார், இது என்ன?” என்றார். என்னால் உடனே வாய் திறக்க முடியவில்லை.

ஒவ்வொரு மணியும் ஒரு பெண் புழுவின் உடம்பு. அவள் செத்ததும் தோல் பழுப்பாகித் தடித்து, இருநூறு முந்நூறு முட்டைகளுக்கு ஓடாகிவிடும். இருபது வருஷம்கூட மண்ணில் கிடக்கும். வருஷா வருஷம் ஒரு பங்கு தானாகப் பொரிந்து, வேர் கிடைக்காமல் சாகும். மற்றவை காத்திருக்கும். உருளை வேரிலிருந்து கசிவது மண் ஈரத்தில் கலந்து வந்து தொட்டால்தான் விழிக்கும். இதையெல்லாம் எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன்! 1961இல் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஊட்டி விஜயநகரத்தில் இதைக் கண்டுபிடித்ததிலிருந்து, முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1985இல் கொண்டுவந்த குஃப்ரி ஸ்வர்ணா வரைக்கும் எனக்கு மனப்பாடம். அந்த ரகம் இதைத் தாங்கும். தம்பி போட்டது சந்தையில் விலை போகும் வேறு ரகம். அதையும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

சுவர் ஓரத்தில் மட்டும் ஏன் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். விடை அவருடைய அம்மாவிடம் இருந்தது. பழைய அறுவடையில் தப்பிய கிழங்குகள் அந்த ஓரத்தில் கேரட்டுக்கு நடுவே வருஷாவருஷம் தானாக முளைத்திருக்கின்றன. அந்த அம்மா அவற்றைப் பிடுங்கவில்லை. “தானா வந்த பயிரை எப்படிப்பா பிடுங்கறது?” என்றார். புழுவுக்கு எட்டு வருஷமும் சாப்பாடு கிடைத்திருக்கிறது.

மடவை, அந்தக் கிழங்கில் ஒரு கூடை ஒவ்வொரு வருஷமும் என் வீட்டுக்கு வந்தது. தோலில் செம்மண் காயாமல் இருக்கும். நான் வாங்கிச் சாப்பிட்டேன். உருளையே போடாத தோட்டத்திலிருந்து உருளை எப்படி வருகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மீன் குடலில் இருப்பதுதான் புழு, சேற்றில் இருப்பது தூசி என்று பரங்கிப்பேட்டையில் ஆராய்ச்சி செய்த காலத்தில் என்னோடு சண்டை போடுவாயே. வெள்ளாற்றுச் சேற்றைச் சலித்து, ரோஸ் பெங்கால் சாயத்தில் சிவக்க வைத்து, ராத்திரி முழுக்க எண்ணிய அந்த நாட்களை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அந்தப் புழுக்கள் பாக்டீரியாவையும் பாசியையும் தின்று அதுபாட்டுக்கு இருந்தன. நான் எண்ணிக்கையில் தப்பு விட்டிருந்தால் ஒரு கட்டுரை கெட்டிருக்கும், அவ்வளவுதான். இங்கே ஒரு குடும்பம் விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியிருக்கிறது. முப்பது வருஷம் மலையில் வேலை பார்த்தும், மண்ணை மட்டும் கேட்டேன், மண்ணில் நிற்பவர்களைக் கேட்கவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் தப்பையும் சேர்த்து. அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நாளைக்கு அந்தத் திட்டைச் சுற்றிக் கயிறு கட்டுகிறோம். மண்வெட்டியும் பூட்ஸும் அங்கேயே கழுவிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். அங்கே விளைந்ததிலிருந்து ஒரு விதைக்கிழங்குகூட யாருக்கும் போகக்கூடாது. அடுத்த போகத்துக்குப் பூண்டு. தானாக முளைப்பதைப் பிடுங்கும் பொறுப்பை அந்த அம்மாவே ஏற்றுக்கொண்டார். பூதக்கண்ணாடியில் அந்த மணிகளைக் காட்டினேன், வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம், நம் பழைய பித்தளைச் சல்லடை அடுக்கு உன் பரணில்தானே இருக்கிறது? கல்யாணத்துக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன், துடைத்து வை. இந்தத் தடவை அந்தத் தோட்டத்தில் ஒரு பாத்தி விடாமல் சலிக்க வேண்டும்.

உன்,
சேறு