கயலுக்கு, எலும்பு ஊசி பற்றி

அன்புள்ள கயல்,

நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பையனும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், அப்பா நடுவில் புகுந்து கேமராவில் நெற்றியை மட்டும் காட்டுவார். ஒன்றும் பேசி முடிக்க முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மார்பகப் புற்றுக்குக் கீமோ முடிந்த பிறகு, எலும்பைக் காக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அந்த எலும்பு ஊசி, அக்டோபரில் எனக்கு இரண்டாவது தடவை. "முதல் தடவையே அப்படிக் கிடந்தியேம்மா, இனிமே அது வேண்டாம், டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்திடு" என்கிறாய். நிறுத்தப் போவதில்லை கண்ணு. ஏன் என்று சொல்கிறேன், படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வா.

வீடியோவில் நீ பார்த்தது பாதிதான், மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஸோலெட்ரோனிக் ஆசிட் என்பது அந்த மருந்து. 4 மில்லிகிராம், 100 மில்லி சலைனில் கலந்து கையில் ஏற்றினார்கள். 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும், வேகமாக விட்டால் சிறுநீரகத்துக்கு ஆகாது. அதற்கு முன்னால், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்த்தார்கள். கீமோவுக்கு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தவளுக்கு இது என்ன பெரிய காரியம்? மத்தியானம் கோபிசெட்டிபாளையத்துக்குத் திரும்பி வந்து நன்றாகச் சாப்பிட்டேன். மறுநாள் மதியம் வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல்தான் கெண்டைக்காலில் இருந்து ஒரு குளிர் கிளம்பியது. வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது, உள்ளே நான் ஃபேனை நிறுத்திவிட்டு இரண்டு கம்பளிக்குள் கிடக்கிறேன். சுடுதண்ணீர் டம்ளரை வாயில் வைத்தால் பல்லில் பட்டுக் கடகடவென்று சத்தம். காய்ச்சல் 101.6. வலி இடுப்பில், விலாவில், தாடையில் எல்லாம் வந்தது, புருவத்து எலும்புகூட விண்விண் என்றது. 2006இல் ஊரே சிக்குன்குனியாவில் நொண்டியதே, அப்போது நான் பட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். இது அதில் கால்வாசிகூட இல்லை. அது மாதக்கணக்கில் இழுத்தது, இது மூன்றாம் நாள் காலையில் ஓடிவிட்டது.

உன் பெரியம்மா நிலவேம்புக் கசாயத்தோடு வந்துவிட்டாள். யாரோ கண் வைத்துவிட்டார்களாம். அவளை விட, அப்பாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. எலும்பெல்லாம் வலிக்கிறது என்று நான் சொன்னதும், பரவிவிட்டதோ என்று அவருக்கு. வாயால் கேட்கவில்லை. கஞ்சியில் இரண்டு தடவை உப்புப் போட்டு எடுத்து வந்தார், அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். உனக்கும் அதே பயம்தான் என்று எனக்குத் தெரியும். அதை முதலில் தீர்த்துவிடுகிறேன்: உடம்பு முழுக்க ஒன்றாகக் கிளம்பி இரண்டு மூன்று நாளில் ஒன்றாக அடங்குகிற வலி, ஊசியின் வலி. ஒரே இடத்தில் நின்று, நாளாக ஆகக் கூடிக்கொண்டே போகிற வலி வந்தால் அது வேறு, அதைச் சும்மா விடமாட்டேன், போய்க் காட்டுவேன்.

சரி, காய்ச்சல் ஏன் வருகிறது? பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவளிடம் கேட்கிறாய், கொஞ்சம் நீளமாகத்தான் வரும். எலும்பை அரித்துத் தின்கிற செல்கள் என்று உண்டு, ஆஸ்டியோகிளாஸ்ட். மருந்து எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அரிக்க வருகிற செல் அதையும் சேர்த்து விழுங்கும், விழுங்கியதும் மருந்து அதற்குள்ளே ஒரு நொதியின் வேலையை நிறுத்திவிடும், செல் முடங்கும். (அப்பா சாப்பிடுகிற கொழுப்பு மாத்திரை கை வைப்பதும் இதே வேதிப் பாதையில்தான், கொஞ்சம் மேலே.) ஆனால் மருந்து எலும்புக்குப் போகிற வழியில் ரத்தத்தில் இருக்கிற சில வெள்ளை அணுக்களுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. அங்கேயும் அந்த நொதி நின்றுபோவதால் ஒரு பொருள் தேங்குகிறது. காசநோய்க் கிருமி மாதிரியான கிருமிகள் உண்டாக்குகிற பொருள் ஒன்றுக்கும் இதற்கும் நெருங்கிய சாயல். நம் உடம்பில் காமா டெல்டா டி செல்கள் என்று ஒரு காவல் கூட்டம் இருக்கிறது. தபால்காரரைப் பார்த்துத் திருடன் என்று குரைக்கிற நாய் போல, கிருமி வந்துவிட்டது என்று அது கூச்சல் போடுகிறது. ஃப்ளூவில் உடம்பு காய்வதற்குக் காரணமான அதே ரசாயனங்கள்தான் அப்போதும் ரத்தத்தில் கொட்டுகின்றன. குளிர், காய்ச்சல், வலி எல்லாம் ஃப்ளூ மாதிரியே வருகிறது, ஆனால் உள்ளே கிருமியே கிடையாது.

அடுத்த தடவை இந்தக் கூச்சல் குறையும். நானாகச் சொல்லவில்லை. எலும்புத் தேய்மானம் உள்ள பெண்களுக்கு இதே மருந்தை ஆண்டுக்கு ஒரு தடவை போட்டு நடத்திய பெரிய ஆய்வு 2007இல் வந்தது. முதல் ஊசிக்குப் பிறகு இப்படிப் படுத்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இரண்டாவதில் நூற்றுக்கு ஏழு பேர். மூன்றாவதில் மூன்று பேர். ஆக, இருப்பதிலேயே கடினமான ஊசியைத் தாண்டிவிட்ட பிறகு நீ நிறுத்தச் சொல்கிறாய்!

நிறுத்தினால் என்ன என்கிறாய். நான் தினமும் விழுங்குகிற லெட்ரோசோல், உடம்பில் மிச்சம் இருக்கிற ஈஸ்ட்ரோஜனையும் வழித்தெடுத்துவிடும். புற்றுக்கு அது தீனி, அதனால் எடுக்கிறார்கள். ஆனால் எலும்புக்கு அதுதான் காவல். எலும்பு அடர்த்தி ஸ்கேனில் எனக்கு ஏற்கெனவே மைனஸ் 2.1, அதாவது எலும்பு இப்போதே மெலிந்திருக்கிறது. இன்னும் பல வருஷம் அந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டியவள், குளியலறையில் வழுக்கி இடுப்பு உடைந்து படுத்தால் யார் பார்ப்பது? இன்னொன்றும் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த வகை மருந்து, புற்று எலும்பில் திரும்ப வருவதையும் கொஞ்சம் குறைக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015இல் லான்செட் மருத்துவ இதழில் போட்டிருந்தார்கள். பத்து வருஷத்தில் எலும்பில் வந்தவர்கள், மருந்து இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு, மருந்து எடுத்தவர்களில் ஆறரை. பெரிய வித்தியாசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் கம்பளிக்குள் கிடப்பதுதான் அதற்கு விலை என்றால், நான் கொடுப்பேன்.

உன் தோழி சொன்ன தோலுக்கடியில் போடுகிற ஊசியைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். டெனோசுமாப். அதில் இந்தக் காய்ச்சல் குறைவுதான். ஆனால் ஆரம்பித்துவிட்டு இடையில் விட்டால் எலும்பு மளமளவென்று இறங்கி, முதுகெலும்பு நொறுங்குகிற ஆபத்து இருக்கிறது. சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அது நல்லது என்றார். எனக்கு சிறுநீரகம் நன்றாக இருக்கிறது.

இந்தத் தடவை ஏற்பாடெல்லாம் செய்துவிட்டேன். ஊசிக்கு முன்னாலேயே நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவேன், வெறும் வயிற்றோடு போகமாட்டேன். பாராசிட்டமால் 650, காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே தொடங்கச் சொல்லியிருக்கிறார், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் கிடையாது. மருந்துக்கடைக்காரர் கொடுக்கிற வலி மாத்திரைகளை அப்பா வாங்கி வரக்கூடாது என்று எழுதியே ஒட்டிவிட்டேன், அவையும் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். கசாயம் வேண்டுமானால் பெரியம்மா மனசுக்காக ஒரு வாய். கால்சியமும் வைட்டமின் டியும் விடாமல் சாப்பிடுகிறேன். ஊசி, எலும்பிலிருந்து ரத்தத்துக்குக் கால்சியம் வருவதை அடைத்துவிடும், டி குறைவாக இருந்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போகும். ராகிக் களி கிண்டச் சொன்னதுதான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை முதல் ஊசிக்கு முன்னாலேயே எடுத்து, ஆறிய பிறகுதான் ஊசிக்கு ஒத்துக்கொண்டார்கள். இனிமேல் பல் பிடுங்குவது என்றால் முதலில் புற்றுநோய் டாக்டரைக் கேட்க வேண்டும், தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அரிதுதான், வந்தால் லேசில் போகாது.

எதற்கெல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அப்பாவுக்கும் தெரியும், நீயும் தெரிந்துகொள்: மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால், கண் சிவந்து வலித்தால், உதடு மரத்தால், சிறுநீர் குறைந்தால். கீமோ சமயத்தில் 100.4 தொட்டதும் நடுராத்திரியில் காரைப் பிடித்து ஓடினோமே, அந்தக் கணக்கு வேறு. அப்போது வெள்ளை அணுக்கள் தரையில் கிடந்தன, சின்னக் கிருமிகூட ஆளைக் கொன்றுவிடும். உன் தோழியின் அம்மாவுக்கு இன்னும் கீமோ ஓடுகிறது என்றாயே, அவருக்கு நான் எழுதியதைச் சொல்லி "ஊசிக் காய்ச்சல்தான், படுத்துக்கோங்க" என்று தைரியம் கொடுத்துவிடாதே. அவர் காய்ச்சல் வந்ததும் போன் செய்து கேட்டாக வேண்டும்.

ஊசி வியாழக்கிழமை. வெள்ளி, சனி இரண்டு நாளும் வீடியோ வேண்டாம் சாமி. நடுங்குகிறவளுக்கு முகத்தை வேறு சிரித்த மாதிரி வைத்துக்கொள்ள முடியாது. அப்பாவுக்குப் போன் செய்து காய்ச்சல் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள், நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு கூப்பிடு, பேசுகிறேன். டிக்கெட் போடுகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாயாமே. இதற்கு வராதே. படுத்துக் கிடக்கிறவளைப் பார்க்க டப்ளினிலிருந்து காசைக் கொட்டி வருவதற்குப் பதில், கிறிஸ்துமஸ் லீவில் வா. பவானிசாகர் போகலாம், பையனுக்கு அணை காட்டலாம், அரிசியும் பருப்பும் நான் ஆக்கிப் போடுகிறேன்.

வரும்போது ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்கி வா. இங்கே இருப்பதை அப்பா அடிக்கடி உதறிப் பார்க்கிறார், அது டிஜிட்டல் என்று சொன்னாலும் கேட்பதில்லை.

அன்புடன்,
அம்மா