எத்தனை அணா வலி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா மாவட்ட மருத்துவமனைகளுக்குப் புதுக் கட்டடமோ புது ஸ்கேன் கருவியோ வந்தால் உங்கள் நாளிதழில் தவறாமல் செய்தி வருகிறது. இரவு இரண்டு மணிக்கு வார்டில் ஒரு நோயாளியின் வலியை விசாரிக்க ஆள் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் அம்மாவுக்கு 74 வயது. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். நாற்பது வருடம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். போன தை மாதம் களத்தில் காயப்போட்ட நெல்லை மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடப் போய், வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் முதல் இரண்டு இரவும் அம்மா கண் மூடவில்லை. வலிக்கான ஊசியைக் கேஸ் ஷீட்டில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதியிருந்தார்கள். அதாவது, தேவைப்பட்டால் மட்டும் போடுவது. அம்மா கேட்கவே இல்லை. "வலிக்குதா பாட்டி?" என்று போகிற போக்கில் கேட்டால் "இல்ல ஆயி" என்பார். வலி என்று வாய்விட்டுச் சொல்வது அவருக்கு வெட்கம். நானும் "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

மூன்றாம் இரவு வேறொரு சிஸ்டர் வந்தார். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்தார். தட்டில் அப்படியே கிடந்த இட்லியைப் பார்த்தார். "சும்மா படுத்திருக்கப்ப எப்படி இருக்கு, புரளும்போது எப்படி இருக்கு? குத்துதா, குடையுதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா?" என்று கேட்டார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்பது மருத்துவமனை வழக்கம். அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. "சரி பாட்டி, தாங்கவே முடியாத வலி ஒரு ரூபான்னா, இது எத்தனை அணா?" என்றார். அம்மா கொஞ்சம் யோசித்து, "அசைஞ்சா பன்னெண்டு அணா இருக்கும்" என்றார். ரூபாய்க்குப் பதினாறு அணா; அதாவது முக்கால் பங்கு வலி. இரண்டு நாளாக என்னிடம்கூடச் சொல்லாத கணக்கு.

அப்புறம் நடந்தவை மளமளவென்று நடந்தன. டூட்டி டாக்டரிடம் பேசி, கேட்டால் போடுகிற ஊசியை மணிக்கணக்குப்படி கொடுக்கிற மருந்தாக மாற்ற வைத்தார். துணைக்கு ஒருவரைக் கூப்பிட்டு, கால்களுக்கு நடுவே தலையணை வைத்து அம்மாவை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தார். அரைமணி கழித்து மறுபடியும் வந்து "இப்ப எத்தனை?" என்றார். "நாலணா." விடியும்வரை அம்மா தூங்கினார். காலையில் பிசியோதெரபிக்கு அரைமணி முன்னால் மாத்திரை கொடுக்கச் சொல்லியிருந்தார். காலை ஊன்றவே மாட்டேன் என்றிருந்தவர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தார்.

பொறுத்துக்கொள்வதை நாம் பெரிய குணமாக நினைக்கிறோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அது ஆபத்து. வலியில் கிடப்பவர் மூச்சை ஆழமாக இழுக்க மாட்டார், இரும மாட்டார். சளி கட்டி நிமோனியா வரலாம். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், படுக்கைப் புண் வரலாம். மருந்தை அள்ளிக் கொடுப்பதும் சரியல்ல. வயதானவர்களுக்குச் சில வலி மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சில மயக்கமும் மலச்சிக்கலும் தரும். ஆகவே கொடுத்தபிறகு திரும்பி வந்து பார்க்க ஒருவர் வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸில் கட்டிலருகே நிற்பது சில நிமிடம். மற்ற நேரமெல்லாம் அங்கே இருப்பவர் செவிலியர்.

நோயாளி எதை வலி என்கிறாரோ அதுதான் வலி, அவர் இருக்கிறது என்றால் இருக்கிறது என்று 1968-லேயே மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்கச் செவிலியர் வரையறுத்தார். அருமையான வரையறை. ஆனால் நம் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதையும் நர்சிங் பயிற்சியில் நம் ஊர்ச் சொற்களை வைத்தே சொல்லித்தர வேண்டும்.

முதல் இரண்டு இரவும் வேலையில் இருந்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சுமார் நாற்பது கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர்; அவர்கள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த போதனா மருத்துவமனை என்றால் 3 கட்டிலுக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் 5 கட்டிலுக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அந்தக் கணக்கை இரவு நேர வார்டில் போய் எண்ணிப் பார்க்க வேண்டும். தொகுப்பூதியச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்காரும்போது, நோயாளிகளின் குடும்பங்களாகிய நாமும் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, இதற்குச் செலவே கிடையாது. அம்மாவின் சார்ட்டில் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, வலிக்கு இல்லை. அந்த சிஸ்டர் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு கிழித்து, நேரத்தையும் எண்ணையும் எழுதி வைத்தார். அடுத்த ஷிப்டில் வந்தவரும் அதற்குக் கீழேயே எழுதினார். அந்தக் கட்டத்தை எல்லா மருத்துவமனைகளின் சார்ட்டிலும் அச்சிட்டே கொடுக்கச் சுகாதாரத் துறையை உங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்